மைனாவும் முரடனும்

போன வாரம் லாரியை மைதானத்து வாசலில் நிறுத்திவிட்டு, முன்சீட்டிலிருந்து இறங்கியது யார் என்று சொல்லாமலே போய்விட்டேன். அதற்காக என்னைத் திட்டாத வாசகர்கள் குறைவு. கோபித்துக்கொள்ள வேண்டாம், இதோ சொல்லிவிடுகிறேன். இறங்கியது மிளகாய்தான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மிளகாய் என்பவள் நம் கணக்கு டீச்சரின் மகள். கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே நிற்பதால் அவளுடைய மாமா வைத்த பெயர் அது. பதினேழாவது பிறந்தநாளுக்கு டீச்சர் அவளுக்கு மைனாவைப் பரிசாகக் கொடுத்தாள். மைனா பறவை இல்லை, பழுப்பு நிறப் பெண்குதிரை. இந்த வீட்டில் குதிரையை ‘அது’ என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அதனால் நானும் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

மிளகாயும் மைனாவும் இரண்டு வருஷம் தடை தாண்டும் போட்டிகளுக்குப் போய்வந்தார்கள். ஒன்றிலும் உருப்படவில்லை. தடைக்குப் பக்கத்தில் வந்ததும் மைனா நின்றுவிடுவாள். வேலியோரம் நின்று டீச்சர் கத்துவாள். போன சீசனின் கடைசிப் போட்டியில் மிளகாய் பூட்ஸைக் கழற்றி லாரிக்குள் வீசிவிட்டு, "இனிமே எனக்கும் குதிரைக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று சொல்லிக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனவள்தான். அதற்கப்புறம் அம்மாவிடம் போனில் ‘ம்’, ‘சரி’ தவிர வேறு பேச்சில்லை.

ஒரு நாள் அந்த ‘ம்’முக்கும் ‘சரி’க்கும் நடுவே ஒன்று சொன்னாள். "அவ்வளவு தெரியும்னா நீயே ஓட்டிக் காட்டேன்."

டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில், முரடன் என்ற கறுப்புக் குதிரையின் மேல் உட்கார்ந்து கோப்பை வாங்கியவள் ஆயிற்றே. மைனாவை நானே ஓட்டுகிறேன், ஒரு சுற்றையாவது முழுசாக முடிக்காவிட்டால் அன்று மாலையே ரைடிங் ஸ்கூல்காரரிடம் அவளைக் கொடுத்துவிடுகிறேன் என்று நாலு பேர் முன்னால் வாயை விட்டுவிட்டாள். அந்தப் போட்டி இன்றைக்கு. ரைடிங் ஸ்கூல்காரரும் காலையிலேயே வந்து, நல்ல நிழலாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் பஸ்ஸில் வந்து பெயர் கொடுத்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்த டீச்சர், மகளைப் பார்த்ததும் தம்பியை ஓரமாக இழுத்தாள். தம்பிக்குத் தொழிலே குதிரைகளை ஏற்றி இறக்குவதுதான். அப்பாவுக்குப் பிறகு லாரி அவனுடையது.

"இவளை யாருடா கூட்டிட்டு வரச் சொன்னது?"

"வழியில நின்னா. ஏத்திக்கிட்டேன்."

"ஹாஸ்டல் நம்ம வழியிலயா இருக்கு?"

"சுத்துவழியில இருக்குக்கா."

மிளகாய் அதற்குள் லாரியின் பின்பக்கம் போய் மைனாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா வருவதைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

"நான் உன்னப் பாக்க வரல. இவளப் பாக்க வந்தேன். நாளைக்கு எங்க இருப்பாளோ, யார் கண்டா."

டீச்சருக்குச் சுருக்கென்றது. உடை மாற்ற நேரமாகிவிட்டதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

மைதானம் மாறவே இல்லை. டீச்சரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அதே பச்சை பெயின்ட் அடித்த மரக் கேலரி, அதே கரகரக்கும் மைக், ஈர மணலும் வைக்கோலும் தோல் பாலிஷும் கலந்த அதே வாசனை. அது மூக்கில் ஏறியதும் அவளுடைய வயசில் பாதி எங்கேயோ போய்விட்டது.

அந்த நாளில் விடிவதற்கு முன்னால் எழுந்து, அவளும் தம்பியுமாக முரடனுக்குப் பிடரி பின்னுவார்கள். அவன் ஒரு இடத்தில் நிற்க மாட்டான். பின்னி முடித்த கையோடு போய் வைக்கோலில் தலையைத் தேய்த்துப் பாதியைக் கலைத்துவிடுவான். தம்பி அழுவான், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். லாரி முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். ஓட்டுவது அப்பா, நடுவில் தம்பி, ஜன்னலோரம் அவள். போட்டியில் குதிரை ஓட்டுகிறவளுக்குத்தான் ஜன்னல் என்பது அப்பாவின் சட்டம். எவ்வளவு சந்தோஷமான நாட்கள் என்று அப்போது யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரே ஒரு குறை உண்டு. போட்டி ஆரம்பித்ததும் அப்பா காணாமல் போய்விடுவார். அவள் ஓட்டிய ஒரு சுற்றைக்கூட அவர் பார்த்ததில்லை. மற்றப் பெண்களின் அப்பாக்கள் வேலியோரம் நின்று கைதட்டும்போது, அவளுடைய அப்பா லாரிக்குப் பின்னால் நின்று டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். என் பிள்ளை ஓட்டும்போது நான் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன் என்று டீச்சர் அன்றைக்கே முடிவு செய்திருந்தாள். அப்படியே பார்க்கவும் செய்தாள். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

பழைய நீலக் கோட்டு, மூச்சை இழுத்துப் பிடித்தால் பொத்தான் போடுகிற அளவுக்கு இன்னும் பொருந்தியது. அதன் உள்பாக்கெட்டில் முரடனின் வால்முடியில் பின்னிய ஒரு சின்னக் கயிறு. முரடன் செத்த அன்று தம்பி பின்னிக் கொடுத்தது. டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மைனாவின் மேல் ஏறினாள்.

காலைச் சுற்றைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு மனசில்லை. நடுவருக்குத் தலை வணங்கினாள், மணி அடித்தது, கிளம்பினாள். முதல் தடையை மைனா எப்படியோ தாண்டினாள். அடுத்தது, முன்னால் சின்னப் பள்ளம் வெட்டிய தடை. டீச்சரின் கைகள் தானாக இறுகின. மைனா காதுகளைப் பின்னால் மடித்து, நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். டீச்சர் திருப்பிக் கொண்டுவந்தாள். இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மைனா திரும்பவும் நின்றாள். இரண்டாவது முறை நின்றால் வெளியே போக வேண்டியதுதான். மணி அடித்து அனுப்பிவிட்டார்கள்.

நிழலில் உட்கார்ந்திருந்த ரைடிங் ஸ்கூல்காரர், பாவம், நல்ல மனுஷர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் தனிப் போட்டியாக இன்னொரு சுற்று பாக்கி இருந்தது. அதற்கும் பெயர் கொடுத்திருந்தாள். லாரி நிழலில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தம்பி பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேக்காத."

"களத்துக்குள்ள யாரோட பேசிட்டிருந்த?"

"நான் எங்கடா பேசினேன்?"

"‘டேய் முரடா, பொறுடா’ன்னு சொன்னியே. கேலரி வரைக்கும் கேட்டுச்சு."

டீச்சர் கப்பை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

மைனாவைத் தேய்த்துக்கொண்டிருந்த மிளகாய், திரும்பாமலே பேசினாள். "ரெண்டு வருஷமா முரடனுக்குச் சொல்ல வேண்டியதத்தான் எங்களுக்குச் சொல்லிட்டிருந்த."

"என்ன சொல்ற?"

"இழுத்துப் பிடி, இழுத்துப் பிடின்னு கத்துவியே. நானும் பிடிப்பேன். இவ நிப்பா. கீழ எறங்கினதும், உனக்குக் கையில பலம் பத்தலன்னு சொல்லுவ. முரடன் கண்ணு மண்ணு தெரியாம ஓடுவான், அவனப் பிடிக்கணும். இவ யோசிச்சுப் போறவ. இவளப் பிடிச்சா, முன்னாடி என்னவோ ஆபத்து இருக்குன்னு பயந்துக்குவா. கைய விட்டாதான் போவா."

"அத அப்பவே சொல்ல வேண்டியதுதானடி?"

"சொன்னேன். நீ கோப்பையக் காட்டின."

காட்டியிருந்தாள். வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரியில், பாலிஷ் போட்டு வைத்திருந்த கோப்பை. ‘இதை வாங்கினவ சொல்றேன், கேளு’ என்று விரலை நீட்டியதும் டீச்சருக்கு ஞாபகம் வந்தது.

மிளகாய் பிரஷ்ஷை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எனக்குக் குதிரையே ஓட்ட வராதுன்னு நெனச்சுதான் விட்டேன். இன்னிக்கு உனக்கும் நின்னுட்டா பாரு, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் அழுகையா வந்துச்சு."

டீச்சர் கப்பை மணலில் வைத்தாள். "தப்பு என்னுதுதான்" என்றாள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையிடமும் அவள் சொல்லாத வாக்கியம் அது. சொல்லிவிட்டு, "பேசாம நானும் அப்பா மாதிரி பாக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

"அப்பா எங்க பாக்காம இருந்தாரு?" என்றான் தம்பி.

"லாரிக்குப் பின்னாடி நின்னு டயரத்தானே பாத்துட்டிருந்தாரு."

"அது சரி. நான் எங்க நின்னேன்?"

டீச்சர் யோசித்தாள். தம்பி எப்போதும் லாரியின் முன்பக்கம் பானெட்டில் ஏறி நிற்பான். அங்கிருந்து களம் முழுசாகத் தெரியும்.

"நான் முன்னாடி, அவர் பின்னாடி. நீ ஒவ்வொரு தடையா போகப் போக ‘தாண்டிட்டாளா, தாண்டிட்டாளா’ன்னு என் உயிர எடுப்பாரு. நான் தாண்டிட்டான்னு சொன்னாதான் மூச்சு விடுவாரு. நீ விழுந்துடுவியோன்னு அவ்வளவு பயம். நீ கோப்பை வாங்கின அன்னிக்குக் கடைசித் தடைக்கு நான் பதில் சொல்ல மறந்துட்டேன். வாயப் பொளந்து பாத்துட்டிருந்துட்டேன். கீழ எறங்கினதும் முதுகுல ஒண்ணு வச்சாரு, இன்னும் ஞாபகம் இருக்கு."

"இத ஏன்டா இத்தன வருஷமா சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்கா."

தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனையோ மாலை நேரங்களில் அப்பாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்க மாட்டாள். டீச்சர் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காபி ஆறிப்போயிருந்தது.

அப்போது மைக்கில் கூப்பிட்டார்கள். சுற்று ஆரம்பிக்கும் முன்னால், ஓட்டுகிறவர்கள் குதிரை இல்லாமல் களத்துக்குள் போய், தடைகளின் வரிசையை நடந்து பார்க்கலாம். அந்தக் காலத்தில் அக்காவும் தம்பியும்தான் கைகோத்துக்கொண்டு நடப்பார்கள். இன்று காலையிலும் அப்படித்தான் நடந்தார்கள்.

"எனக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு" என்றான் தம்பி. "மிளகா, நீ போ."

சற்றுமுன் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தவன் அவன். மிளகாய் மாமாவை ஒரு முறை முறைத்துவிட்டு அம்மாவோடு போனாள்.

ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே குதிரைக்கு எத்தனை பாய்ச்சல் என்று டீச்சர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள்.

"எண்ணாதம்மா."

"எண்ணாம எப்படி?"

"நீ எண்ண ஆரம்பிச்சாலே கை இறுகிடுது. கணக்க கிளாஸ்ல வச்சுக்கோ."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வம்பு எதற்கு என்று அடக்கிக்கொண்டாள். பள்ளம் வெட்டிய தடைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள்.

"இங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். மகளிடம் அவள் கேள்வி கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"பள்ளத்தப் பாக்காத. அதோ, அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி இருக்கு பாரு, அதப் பாரு. நீ எங்க பாக்கறியோ அங்கதான் அவ போவா. கொஞ்சம் மெதுவாவா. யோசிப்பா. யோசிக்க விடு."

"நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும். நிக்கப்போறான்னு நீ முன்னாடியே முடிவு பண்ணிடாத."

களத்து வாசலில், மைனாவின் மேல் ஏறும் முன்னால், டீச்சர் உள்பாக்கெட்டிலிருந்து முரடனின் வால்முடிக் கயிற்றை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும்டா." அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சரியாகத்தான் இருந்த சேண வாரை, குனிந்து இன்னொரு முறை சரிபார்க்க ஆரம்பித்தான்.

மணி அடித்தது.

முதல் தடை தாண்டியாயிற்று. அடுத்தது பள்ளம். மைனாவின் நடை தளர்ந்தது. டீச்சரின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை எல்லாமே ‘பிடி, பிடி’ என்றன. பல்லைக் கடித்துக்கொண்டு கையை முன்னால் விட்டாள். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். அதன் விளிம்பில் யாரோ காயப்போட்டிருந்த துண்டைப் பார்த்தாள். மைனா இன்னும் கொஞ்சம் தயங்கி, காதை முன்னால் நீட்டி யோசித்தாள். பிறகு தாண்டினாள்.

வேலியோரம் மிளகாய் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் டீச்சர் ஓட்டவில்லை, மைனாவோடு போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். முரடன் அவளை இழுத்துக்கொண்டு ஓடுவான், அவனோடு சண்டை போட்டே ஜெயித்திருக்கிறாள். மைனா ஒவ்வொரு திருப்பத்திலும் காதைச் சாய்த்து, ‘இப்படித்தானே?’ என்று கேட்டுக் கேட்டுப் போனாள். இப்படியும் ஒரு குதிரை போகும் என்பது அவளுக்கு இத்தனை வயசுக்கு மேல் தெரியவந்தது. எந்தத் தடையிலும் ஒரு கட்டைகூட விழவில்லை. கடைசித் தடையையும் தாண்டி மைனாவின் கால்கள் மணலில் பட்டதும், டீச்சர் மகளைப் பார்த்தாள்.

நீ எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் அவள் போவாள். மைனா நேராக வேலியை நோக்கிப் போனாள். டீச்சர் குனிந்து, பிடரியைக் கட்டிக்கொண்டு, "என் கண்ணு, என் கண்ணு" என்றாள். மிளகாயின் முகம் மலர்ந்து, உடனே வெளிறியது.

"அம்மா, கொடி."

"அக்கா, கொடி, கொடி" என்று தம்பியும் பானெட்டின் மேலிருந்து கத்தினான்.

கடைசித் தடைக்கு அப்பால் இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். அவற்றின் நடுவே புகுந்து போனால்தான் சுற்று முடிந்ததாகக் கணக்கு. எந்தக் குழந்தைக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். டீச்சர் திரும்பிப் பார்த்தபோது கொடிகள் அங்கே தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. மைக் கரகரத்து, அவளுடைய சுற்று செல்லாது என்றது.

ரைடிங் ஸ்கூல்காரர் கையில் கயிற்றோடு லாரியடியில் காத்திருந்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"ரொம்ப நல்லா ஓட்டினீங்க டீச்சர். அழகா இருந்துச்சு. ஆனா…"

"பேச்சு பேச்சுதான்" என்றாள் டீச்சர். "முடிக்கலன்னா தரேன்னு சொன்னேன். முடிக்கல." கீழே இறங்கிக் கடிவாளத்தைக் கழற்றப் போனாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள்.

மிளகாய் குறுக்கே வந்து கடிவாளத்தைப் பிடித்தாள். "சார், இவளத் தரேன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"உங்கம்மாதான்மா."

"இவள எனக்குப் பிறந்தநாளுக்குன்னு குடுத்தாச்சு. என்னை யாரும் கேக்கல."

ரைடிங் ஸ்கூல்காரர் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "இத நீ காலையிலயே சொல்லியிருந்தா நான் வீட்ல தூங்கியிருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

"ஒட்டும் இல்ல, உறவும் இல்லன்னியே?" என்றாள் டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"பூட்ஸத்தான் எறிஞ்சேன். இவள எறியல."

"அப்ப அடுத்த போட்டிக்கு?"

"ஓட்டறேன்." மிளகாய் மைனாவை லாரியில் ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கி வந்தாள். "ஆனா நீ வேலியோரம் நிக்கக் கூடாது."

"கத்த மாட்டேன். சத்தியமா."

"கத்தலன்னாலும்தாம்மா. நீ பாத்துட்டிருந்தா என் கை இறுகிடுது."

அது கோபத்தில் சொன்னது இல்லை. அதனால்தான் டீச்சருக்கு அவ்வளவு வலித்தது. "பின்ன நான் எங்க நிக்கறது?"

"தெரியலம்மா. நான் இன்னும் யோசிக்கல."

பின்கதவைத் தூக்கித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்த தம்பி, தலையைத் திருப்பாமல் சொன்னான். "அப்பா நின்ன எடம் காலியாத்தான்கா இருக்கு."

டீச்சர் லாரிக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு டயர், கொஞ்சம் புல், அதற்கப்பால் மைதானத்துச் சுவர். அங்கே நின்றால் களத்தில் ஒரு கொடிகூடத் தெரியாது. இத்தனை வருஷம் கழித்து, அப்பா அங்கே எப்படித்தான் நின்றார் என்று நினைத்தாள்.

தம்பி ஓட்டுகிற சீட்டில் ஏறிக்கொண்டான். டீச்சர் முன்கதவைத் திறந்து, ஜன்னலோரத்தை விட்டுவிட்டு, நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள். மிளகாய் காலியான இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறி, கதவைச் சாத்தி, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் தம்பியின் பக்கம் சாய்ந்து, மகள் காதில் விழாமல் கேட்டாள். "அடுத்த போட்டி அன்னிக்கு நான் பின்னாடி நிப்பேன். நீ முன்னாடி நின்னு, ஒரு தடைகூட விடாம எனக்குச் சொல்லுவியாடா?"

"சொல்றேன்கா" என்றான் தம்பி. அதே நாளில் வேறொருவருடைய குதிரைகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் போக ஒப்புக்கொண்டிருந்ததை, அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அவனால் சொல்ல முடியவில்லை.